கடைப் பார்சலில் எத்தனை கலோரி? கணக்கு எங்கே பிழைக்கிறது?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 31 வயது. உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 86 கிலோ. ஊர் பருத்தித்துறைப் பக்கம், வேலை யாழ்ப்பாண நகரில். கிழமை நாட்களில் கொக்குவிலில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சமைக்க வசதி இல்லை, மூன்று நேரமும் கடைச் சாப்பாடுதான். இரவில் இரண்டு நாள் கொத்து, மூன்று நாள் இடியப்பம். அப்பாவுக்கு 40 வயதிலேயே சீனி வருத்தம் வந்தது. அந்தப் பயத்தில் நான்கு மாதமாகச் சாப்பிடுவதை எல்லாம் கைபேசிச் செயலி ஒன்றில் பதிந்து வருகிறேன். நாளுக்கு 1400, மிஞ்சினால் 1500 கலோரிதான் காட்டுகிறது. ஆனால் நிறை ஒரு கிலோ கூட இறங்கவில்லை. கொத்து ரொட்டி என்று தேடினால் ஓரிடத்தில் 400 என்கிறது, இன்னோரிடத்தில் 1200 என்கிறது. எதை நம்புவது? பார்சல் சாப்பாட்டின் கலோரியை எப்படிக் கணிப்பது? ஒருநாள் பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இன்னொன்று. சனி, ஞாயிறு வீட்டுக்குப் போனால் அம்மா புட்டு அவிப்பா. அதை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

பதில்:

தம்பி, நான்கு மாதம் விடாமல் எழுதி வந்திருக்கிறீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் இரண்டாம் கிழமையிலேயே எழுதுவதை விட்டுவிடுவார்கள். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முயற்சியில் குறை இல்லை. உங்கள் உடம்பிலும் புதுமையான வருத்தம் எதுவும் இருப்பதாக இந்தப் பதிவைப் பார்த்து எனக்குத் தோன்றவில்லை. பிழைத்தது கணக்கு. அது எங்கே பிழைத்தது என்பதையும் கண்டுபிடிக்கலாம்.

செயலியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உங்கள் நிறையையே ஒரு அளவுகோலாக எடுத்துப் பாருங்கள். உங்கள் வயதில், உங்கள் உயரத்தில், கதிரையில் இருந்து வேலை செய்யும் 86 கிலோ ஆணுக்கு ஒரு நாளைக்குச் செலவாகும் சக்தி ஏறத்தாழ 2300 முதல் 2400 கலோரி. நான்கு மாதமாக நிறை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால், செலவழித்த அளவுக்கே உள்ளேயும் போயிருக்கிறது என்பதுதான் பொருள். அதாவது நீங்கள் சாப்பிட்டது 1400 இல்லை, 2300க்குக் கிட்டத்தான் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் 900 கலோரி அளவில் எழுத்தில் வராமல் போயிருக்கிறது.

இதைப் படித்ததும் "நான் பொய் எழுதவில்லையே" என்று உங்களுக்கு மனம் நோகலாம். பொய் என்று நான் சொல்லவில்லை. 1992 இல் நியூயோர்க்கில் ஒரு ஆய்வு செய்தார்கள். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் நிறை இறங்குவதில்லை என்று சொன்ன பத்துப் பேரை எடுத்து, அவர்கள் சொன்னதையும் உண்மையில் சாப்பிட்டதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களின் உடம்பு சக்தியைச் செலவழித்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சாப்பிட்டதில் கிட்டத்தட்டப் பாதி, சராசரியாக 47 சதவீதம், அவர்களின் கணக்கில் வராமல் போயிருந்தது. அதுவும் தங்கள் கையால் எழுதி வந்தவர்களுக்கே அப்படி. கடைச் சாப்பாட்டில் இது இன்னும் கூடும். சமைத்த சட்டியை நீங்கள் பார்ப்பதில்லை அல்லவா?

சரி, உங்கள் பதிவுக்கு வருவோம். காலையில் இரண்டு துண்டு பாணும் பருப்பும், 250 என்று எழுதியிருக்கிறீர்கள். அது 300 ஆக இருக்கலாம், பெரிய பிழை இல்லை. பத்து மணிக்கு வேலையிடத்தில் குடிக்கும் பால்தேத்தண்ணியை எழுதவே இல்லை. இரண்டு தேக்கரண்டி பால்மாவும் இரண்டு தேக்கரண்டி சீனியும் போட்டால் அது 90 கலோரி. மத்தியானம் மீன் பார்சல், 450. பின்னேரம் பிளேன்ரீயும் இரண்டு ரோல்ஸும், 200. இரவு கொத்து, 500. கூட்டினால் 1400. பெரிய ஓட்டை மத்தியானப் பார்சலில் இருந்துதான் தொடங்குகிறது.

கொத்தை முதலில் எடுப்போம், நீங்கள் கேட்டதே அதைப் பற்றித்தான். இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருவதால், ஒருநாள் பின்னேரம் கடை ஒன்றின் கொத்துத் தட்டுக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். முழுக் கோழிக் கொத்து ஒன்றுக்குச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரப் பேணியில் இருந்து எண்ணெய் ஒருதரம் ஊற்றப்பட்டது, வெங்காயமும் லீக்ஸும் போட. முட்டை உடைக்க முன்னம் இன்னொருதரம். ரொட்டி மூன்று. அந்த ரொட்டிகள் மாவாக இருக்கும்போதே எண்ணெயில் ஊறி, வீசும்போது எண்ணெய் பூசி, தட்டில் போட்டு எண்ணெயிலேயே சுட்டவை. பிறகு கோழித்துண்டுகளும் ஒரு அகப்பைக் குழம்பும். தகடு இரண்டும் டக்டக்கென்று கொத்தி முடிக்கும்போது, அந்த எண்ணெயில் ஒரு துளி கூடத் தட்டில் மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் ரொட்டி குடித்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைத் தராசில் வைத்தபோது 580 கிராம் காட்டியது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு ரொட்டியில் 50 கிராம் கோதுமை மா என்று வைத்தால் 180 கலோரி, அதற்குள் போன எண்ணெய்க்கு 70. ஆக ஒரு ரொட்டி 250, மூன்று 750. முட்டை ஒன்று 70. தட்டில் ஊற்றியது ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 180. கோழியும் குழம்பும் 170. மரக்கறி 30. மொத்தம் 1200. செயலியில் வரும் 400 யாரோ ஒருவர் வீட்டில் ஒரு ரொட்டி போட்டுச் செய்த சிறு கொத்தாக இருக்கலாம், அல்லது "ஒரு கோப்பை" என்ற அளவாக இருக்கலாம். உங்கள் பார்சல் ஒரு கோப்பை இல்லை, மூன்று கோப்பைக்குக் கிட்ட வரும்.

எண்ணெய் என்றால் என்ன எண்ணெய் என்று கேட்பவர்கள் உண்டு. கலோரிக் கணக்கில் அது முக்கியமில்லை. தேங்காயெண்ணெயோ, நல்லெண்ணெயோ, சோயா எண்ணெயோ, ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரிதான். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும்போது, கொழுப்பு 9 தருகிறது. அதனால்தான் சோற்றில் ஒரு கரண்டி பிழைத்தால் கணக்கு கொஞ்சம் ஆடும், எண்ணெயில் ஒரு கரண்டி பிழைத்தால் நிறையவே ஆடும்.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றால், அடுத்தமுறை கொத்து வாங்கும்போது கொஞ்சத்தை ஒரு கிண்ணத்தில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வையுங்கள். அறையில் அந்த வசதி இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யலாம். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், மார்கழியில் எங்கள் வீட்டுப் போத்தல்களில் வெள்ளையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாம் எண்ணெயும் குளிரில் இறுகும். காலையில் திறந்து பார்க்கும்போது ரொட்டித் துண்டுகளின் ஓரத்திலும் கிண்ணத்தின் அடியிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால், அதுதான் உங்கள் செயலியில் வராத கலோரி. கடைக்காரர் சோயா எண்ணெய் பாவித்தால் இப்படி உறையாது, அதனால் வெள்ளை தெரியவில்லை என்பதற்காக எண்ணெய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

சோற்றுப் பார்சலுக்கு வேறு வழி. அங்கே முதலில் பார்க்க வேண்டியது சோற்றின் நிறை. கடையில் கோப்பையால் அள்ளி அமத்திக் கட்டித் தருவார்கள். லஞ்ச் சீற்றைப் பிரித்தால் மலைபோல் தெரியாது, ஆனால் தராசில் வைத்தால் 400, 450 கிராம் வரும். அவித்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. 450 கிராம் என்றால் சோறு மட்டுமே 585. நீங்கள் முழுப் பார்சலுக்கும் எழுதியது 450! பருப்புக்கு 70, மீன் துண்டுக்கும் குழம்புக்கும் 110, பொரியலுக்கும் அப்பளத்துக்கும் 85 என்று சேர்த்தால் 850 வருகிறது. குழம்பு கட்டிப் பாலில் வைத்ததா, கப்பிப்பாலில் வைத்ததா என்பதைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் ஏறலாம். கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வைத்த நாளில் 100 கூட்டியே எழுதுங்கள். கத்தரிக்காய் போல எண்ணெய் குடிக்கும் மரக்கறி வேறில்லை.

மரக்கறிப் பார்சல் என்றால் கலோரி குறைவு என்று நினைப்பவர்களுக்கும் இதிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் தவிர்ப்பவர்கள் இங்கே அதிகம். "இந்த 25 நாளும் நல்லாய் மெலியலாம்" என்று என்னிடம் சொன்னவர்களும் உண்டு. சோறு அதே அளவு. மீன் துண்டு போய், அந்த இடத்துக்கு வடையும் அப்பளமும் மோர்மிளகாயும் பாயாசமும் வந்திருக்கும். விரதம் மனதுக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பொரியலின் கலோரி அதற்காகக் குறையாது.

ரோல்ஸ் இரண்டுக்கு 200 என்பது ஒன்றுக்குரிய கணக்கு. மாவில் சுற்றி, தூளில் பிரட்டி, எண்ணெயில் முக்கி எடுத்தது. ஒன்று 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகளின் பெரிய ரோல்ஸ் அதற்கும் மேலே போகும்.

ஆக உங்கள் கொத்து நாள் 300, 90, 850, 400, 1200. மொத்தம் 2840. இடியப்ப நாளில் இரவுக்கு 550 போட்டால் 2190. கிழமையில் இரண்டு இரவு கொத்து, மூன்று இரவு இடியப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நாளின் சராசரி 2450. உங்கள் உடம்பு செலவழிக்கிறது என்று நான் மேலே சொன்ன எண்ணை ஒருக்கால் திரும்பிப் பாருங்கள். இரண்டு வழியால் போனோம், கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

இந்த எண்கள் துல்லியமானவையா என்றால், இல்லை. என் 1200 உங்கள் கடையில் 1000 ஆகவும் இருக்கலாம், 1400 ஆகவும் இருக்கலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். சந்தையில் படிக்கல் கொஞ்சம் பிழையாக இருந்தாலும், எல்லாவற்றையும் அதே கல்லால் நிறுத்தால் எது கூட, எது குறைய என்று தெரிந்துவிடும். நிறை குறைப்பவருக்குத் தேவையானதும் அவ்வளவுதான். ஆபத்தானது கல்லை நாளுக்கு நாள் மாற்றுவது. ஒருநாள் 400 என்று எழுதிவிட்டு, அதே கொத்துக்கு அடுத்த நாள் 700 என்று எழுதினால், மாதக் கடைசியில் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நீங்கள் வழமையாக வாங்கும் கடைகள் மூன்றோ நான்கோ தான் இருக்கும், வாங்கும் சாப்பாடும் ஆறு ஏழுக்கு மேல் போகாது. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொன்றையும் ஒரேயொரு தடவை பிரித்து நிறுங்கள், சோறு தனி, கறி தனி, பொரியல் தனி. மேலே நான் கூட்டியது போல மா எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, தேங்காய் எவ்வளவு என்று ஒரு எண்ணுக்கு வாருங்கள். ஐமிச்சம் வந்தால் மேல்பக்கமாகவே எடுங்கள். அந்த எண்ணைச் செயலியில் உங்கள் சொந்தப் பெயரில் பதிந்துவிடுங்கள், "மூலைக்கடை மீன் பார்சல் 850" என்பது போல. பிறகு யாரோ பதிந்த எண்களைத் தேடுவதை நிறுத்திவிடலாம். ஆறு மாதம் கழித்துக் கடை மாறினாலோ, பார்சல் பெருத்தாலோ திரும்ப நிறுத்தால் போதும்.

எதைக் கணிப்பது சுலபம் என்பதையும் கவனியுங்கள். அவித்த சாப்பாட்டில் எண்ணெய் ஒளிக்க இடமில்லை. இடியப்பத்தை எண்ணலாம், கடையில் கிடைக்கும் அளவில் ஒன்று 50 கலோரி என்று போட்டால் பெரிதாகப் பிழைக்காது. எட்டு இடியப்பம் 400. சொதிக்கு 80. சம்பலில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ இருந்தால் 70. உங்கள் 550க்கு நான் வந்தது அப்படித்தான். இட்டலியும் அதே மாதிரி. ஆனால் தோசை என்றால் கல்லில் எவ்வளவு விட்டார்கள் என்ற கேள்வி வந்துவிடும். ஆகவே களைத்துப்போய், கணக்குப் பார்க்க மனம் இல்லாத நாளில் அவித்ததை வாங்குங்கள். அன்றைய எண் உங்களை ஏமாற்றாது.

உறவினர் யாராவது, சோற்றுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு அவித்துக் குளிர வைத்தால் கலோரி பாதியாகிவிடும் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். 2015 இல் கொழும்பில் இரசாயனவியல் மாணவர் ஒருவரும் அவருடைய ஆசிரியரும் செய்த ஆய்வில் இருந்து கிளம்பிய செய்தி அது. அரிசியைத் தேங்காயெண்ணெயோடு அவித்து 12 மணித்தியாலம் குளிரவைத்து, சமிக்காத மாவுச்சத்து கூடுகிறதா என்று பார்த்தார்கள். நல்ல ஆய்வு, எங்கள் நாட்டில் நடந்தது என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அது ஆய்வுகூடத்தில் பார்த்தது, பாதி என்பது சில வகை அரிசிகளில் எட்டக்கூடும் என்று அவர்கள் சொன்ன எதிர்பார்ப்பு. கடைப் பார்சலின் கணக்கில் அதை வைத்து ஒரு எண்ணும் கழிக்க வேண்டாம்.

இனி எதைக் குறைப்பது? பட்டினி கிடக்கச் சொல்லமாட்டேன். கொத்தைப் பாதியாக்குங்கள். பாதியை முதலே எடுத்து வேறாக வையுங்கள், சாப்பிட்டுக்கொண்டே நிறுத்தலாம் என்று நினைத்தால் நடக்காது. அறையில் கூட இருக்கும் நண்பரோடு ஒன்றைப் பங்கிட்டால் காசும் மிச்சம். அல்லது "ரெண்டு ரொட்டி போடுங்கோ அண்ணை, கோவா கொஞ்சம் கூட, முட்டை ஒண்டு கூட" என்று கேளுங்கள். "எண்ணெய் குறைச்சு" என்று சொல்வதைவிட இது நடக்கும். பேணியால் ஊற்றும் கை பழக்கத்தில் ஊற்றும், ஆனால் ரொட்டியை எண்ணித்தான் போடுவார்கள். மத்தியானச் சோற்றில் மூன்றில் ஒரு பங்கை, 150 கிராமை, கறி கலக்க முன்னமே ஒதுக்குங்கள். ரோல்ஸ் இரண்டுக்குப் பதில் ஒன்று. கொத்தில் இரண்டு நாளும் 600 படி 1200, சோற்றில் ஐந்து நாளுக்கு 975, ரோல்ஸில் 1000. கிழமைக்கு 3175 கலோரி குறைகிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 என்று கணக்கு. கிழமைக்கு 400 கிராம் இறங்கும், வீட்டுக்குப் போகும் இரண்டு நாளையும் தொடாமலே. நிறை குறையக் குறைய இந்த வேகமும் குறையும். அது இயல்பு, அப்போது பயந்துபோய் எழுத வேண்டாம். சோடா குடிப்பதாக எழுதவில்லை, அப்படியே இருங்கள். குடிக்கத்தான் வேண்டும் என்றால் போத்தலில் உள்ள நிறத்தைப் பாருங்கள். 2016 இல் இருந்து இங்கே சீனி கூடிய பானத்துக்குச் சிவப்பு அடையாளம் போடுகிறார்கள்.

நிறை பார்ப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். கொத்துச் சாப்பிட்ட அடுத்த நாள் காலை தராசு ஒரு கிலோ கூடக் காட்டலாம். அது உப்பு பிடித்து வைத்த தண்ணீர், ஒரே இரவில் அவ்வளவு கொழுப்பு ஏறாது. காலையில் எழும்பி மலசலகூடம் போய் வந்தபின் தினமும் பாருங்கள், ஏழு நாளின் சராசரியை மட்டும் எழுதுங்கள். நான்கு கிழமையில் அந்தச் சராசரி ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தால் உங்கள் எண்கள் சரி. அசையவில்லை என்றால் எங்கேயோ இன்னும் 400 கலோரி ஒளிந்திருக்கிறது, தேடுவோம்.

அப்பாவுக்கு இளவயதில் நீரிழிவு வந்ததால், உங்கள் வெறுவயிற்றுச் சீனியை ஒருமுறை சோதித்து விடுங்கள். பயப்படுத்தச் சொல்லவில்லை. 2002 இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் நிறையை 7 சதவீதம் குறைப்பதையும் கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சியையும் இலக்காக வைத்தபோது, நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்பது 6 கிலோ. எட்ட முடியாத எண் இல்லை. ஏற்கெனவே சீனிக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் இதைப் படித்தால், சாப்பாட்டைக் குறைக்க முன்னம் உங்கள் வைத்தியரோடு கதையுங்கள், மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம்.

அம்மாவின் புட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டாம், தம்பி. கிழமை முழுக்க நீங்கள் சாப்பிடுவதில் சமைப்பவரின் கையைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைப்பது அது ஒன்றுதான். இந்தச் சனிக்கிழமை அவ மா குழைக்கும்போது குசினியில் போய் நில்லுங்கள். எத்தனை சுண்டு மா, எத்தனை பேருக்கு, நீத்துப்பெட்டிக்குப் போக முன்னம் எத்தனை பிடி தேங்காய்ப்பூ என்று பாருங்கள். அரிசிமா 80 கிராம், தேங்காய்ப்பூ 30 கிராம் உங்கள் பங்குக்கு வந்தால் அது 400 கலோரி. கூட என்ன கறி என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.